வாசல் மண்ணை மூடும் வெள்ளை ரோஜா



"ரோஜாவா? அதெல்லாம் துரை வீட்டு வாசலுக்குத்தான். நமக்கு ஏது நேரம்?" என்று தோட்டப்புறத்துப் பெண்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்து, பெரட்டுக்கு ஓடி, நண்பகல் தாண்டி வீடு திரும்பி, துணி துவைத்து, மறுநாளைக்குக் கத்தி தீட்டி வைக்கும் ஒரு பெண்ணிடம் போய், "தினமும் வாடிய பூவைக் கிள்ளி எறியுங்கள், வாரம் ஒரு முறை மருந்து அடியுங்கள், செடிக்குக் குடை பிடியுங்கள்" என்று சொன்னால், அவள் சிரிக்கத்தான் செய்வாள்.

அப்படிப்பட்ட செல்லப் பிள்ளை ரோஜாவைப் பற்றி நான் எழுத வரவில்லை. தரையோடு தரையாகப் படர்ந்து, தன் பாட்டுக்குப் பூத்து, தன் பாட்டுக்கு உதிர்த்து, வாசல் மண்ணை மூடிக்கொள்ளும் ஒரு சாதி ரோஜா இருக்கிறது. அதிலும் வெள்ளை நிறத்தில் சின்னஞ் சிறு பூவாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வகையைப் பற்றியே சொல்லப் போகிறேன். நான் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறேன். என் வீட்டு முன்புறத்தில் 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரே ஒரு பாத்தி. அதில் 4 கன்றுகள்தான் நட்டேன். ஒரு வருடத்தில் மண் தெரியாமல் மூடிவிட்டது. இதற்கு நான் செலவிடும் நேரம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதுதான். ஆகவே, நேரம் இல்லாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையோடு படரும் சாதி

ரோஜாவில் நிமிர்ந்து நிற்கும் செடி உண்டு. பந்தலில் ஏறும் கொடி உண்டு. மூன்றாவதாக, முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல், கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மண்ணைத் தொட்ட இடத்தில் வேரும் விட்டுக்கொண்டு போகும் வகையும் உண்டு. அதைத்தான் தரைமூடி ரோஜா என்கிறோம்.

இது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிய சங்கதியல்ல. இளம் பால்மரக் கன்றுகளுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கும் நடுவே பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற கொடிகளை விதைத்துப் படரவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதற்காக? வெறும் மண்ணில் நம் நாட்டு மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடிவிடும். வெயில் அடித்தால் மண் சுட்டுக் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் லாலாங் புல் தலைகாட்டும். கொடி மூடியிருந்தால் இந்த மூன்று தொல்லையும் குறையும். அந்தக் கொடிகள் அவரை இனத்தைச் சேர்ந்தவை, ஆதலால் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். ரோஜாவால் அது முடியாது, அதற்கு நாம்தான் எரு இட வேண்டும். மற்றபடி நிரையில் அந்தக் கொடி செய்யும் வேலையைத்தான் வாசலில் இந்த ரோஜா செய்கிறது. கூடவே பூவும் தருகிறது!

இந்தச் சாதிக்கு மூலமாக இருந்த காட்டு ரோஜா ஒன்று ஜப்பான், கொரியா, தைவான், கிழக்குச் சீனா ஆகிய இடங்களில் தானாக வளர்வது. அதற்கு மாக்ஸ் விச்சுரா என்ற ஜெர்மானியத் தாவர ஆராய்ச்சியாளரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஐந்தே இதழ்கள், வெள்ளை நிறம், மெல்லிய மணம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பான இலை. அமெரிக்காவில் கல்லறைத் தோட்டங்களில் இதை நட்டுப் படரவிட்டதால் 'நினைவு ரோஜா' என்றும் பெயர் வந்தது. யாரும் தினமும் போய்ப் பார்க்காத இடத்திலும் பிழைத்துக் கிடக்கும் செடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அந்தக் காட்டு ரோஜா வருடத்தில் ஒரு பருவம்தான் பூக்கும். திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் இன்றைய ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் சீன ரோஜாவின் வழியாக வந்தது. அந்தக் குணம் கொண்ட குட்டை வெள்ளை ரோஜா ஒன்றை 1875-இல் பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த கியோ என்பவர் வெளியிட்டார். பிறகு படரும் வெள்ளை வகைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1964-இல் அமெரிக்காவில் 'சீ ஃபோம்', 1978-இல் பிரான்சில் 'ஸ்வானி', 1991-இல் ஜெர்மனியில் நோவாக் என்பவர் உருவாக்கிய வெள்ளை 'ஃபிளவர் கார்ப்பெட்' ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. பூக்கம்பளம் என்று பொருள்படும் பெயரை அவர்கள் சும்மா வைக்கவில்லை.

ஏன் வெள்ளை?

"சிவப்பும் மஞ்சளும் இருக்க வெள்ளை எதற்கு?" என்று என் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவரிடம் சொன்ன பதிலையே உங்களிடமும் சொல்கிறேன்.

பால்மரம் வெட்டப் போகிறவள் தன் வாசலை வெளிச்சத்தில் பார்ப்பது குறைவு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும், ஆகையால் இருட்டோடு இருட்டாக வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த மங்கலில் சிவப்பு ரோஜா கறுப்பாகத்தான் தெரியும். அரையிருட்டில் சிவப்பை நம் கண் பிரித்துப் பார்ப்பதில்லை. வெள்ளை மட்டும்தான் தனியாகத் தெரியும். மாலை மங்கி, வேலையெல்லாம் முடிந்து, வாசற்படியில் சற்று உட்காரும் நேரத்திலும் அப்படித்தான். உழைப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம் இந்த இரண்டுதான். அந்த இரண்டு நேரத்திலும் கண்ணுக்குத் தெரியும் பூ வெள்ளைப் பூ. இன்று ஆலையிலும் மருத்துவமனையிலும் இரவு முறை வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டில் பூ இல்லாத வெள்ளிக்கிழமை ஏது? இந்தியாவிலிருந்து வரும் மல்லிகை, திருநாள் நெருங்கினால் விலை ஏறிவிடுகிறது. வாசலில் வெள்ளைப் பூ இருந்தால் விளக்கைச் சுற்றி ஒரு தட்டில் பரப்பிவிடலாம். சரஸ்வதி பூசைக்கும் ஆகும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூவின் காம்பு குட்டை. பெரிய ரோஜாவைப் போல ஒற்றைப் பூவாகச் சடையில் செருக நிற்காது. கொத்தாகக் கிள்ளி நூலில் கட்டினால் கதம்பத்தில் அழகாகச் சேரும்.

பார்த்து வாங்குங்கள்

ரோஜா என்றதும் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். சுமார் 5,000 அடி உயரம், குளிர்ந்த காற்று. அங்கே ரோஜா தழைப்பதில் வியப்பில்லை. நம்மில் பெரும்பாலோர் இருப்பதோ தாழ்நிலத்தில். தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோய் வரும். இலையில் கறுப்புப் பொட்டு விழுந்து, சுற்றிலும் மஞ்சளாகி, இலை கொட்டிவிடும். வெள்ளைப் பூவுக்கு இன்னொரு சோதனை, மழையில் நனைந்த இதழ் பழுப்பேறிப் போவது.

ஆகவே, கடையில் பூவை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மூன்று அடையாளங்களைப் பாருங்கள்.

முதலாவது, இலை. சிறியதாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்க வேண்டும். அடி இலைகள் கொட்டி, மொட்டைக் காலோடு நிற்கும் செடியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, பூ. சிறியதாக, கொத்தாக, இதழ் குறைவாக இருக்கட்டும். இதழ் நெருக்கமாக அடுக்கிய பூ நம் மழையில் மொட்டிலேயே அழுகக்கூடும். இதழ் குறைந்த பூ காலையில் விரிந்து, நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்து, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். வாடிய பூவைத் தினமும் கிள்ளும் வேலை நமக்கு மிச்சம்.

மூன்றாவது, அடித்தண்டு. பால்மரத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்டின் அடியில் முண்டு போலப் புடைத்திருந்தால் அது ஒட்டுக்கன்று. அதன் வேரிலிருந்து வேறு சாதிக் கிளை வெடித்து, நல்ல செடியை அமுக்கிவிடலாம். தன் வேரிலேயே நிற்கும் கன்றானால் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே ரோஜாதான். படரவிடுவதற்கும் பதியம் போடுவதற்கும் அதுவே உகந்தது.

பெயர்ச்சீட்டு இல்லாத கன்றாக இருந்தாலும் பாதகமில்லை. கிளை மேல்நோக்கிப் போகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் லயத்தில் நாங்கள் வளர்த்ததற்கு 'வெள்ளைக்கொடி ரோஜா' என்றுதான் பெயர். அந்தப் பெயரோடேயே அது மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டது.

மண்ணைத் தயார் செய்தல்

உண்மையான உழைப்பு இங்கேதான். இதில் ஒரு வாரம் மெனக்கெட்டால் பிறகு வருடக் கணக்கில் ஓய்வு.

நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் லாலாங்கை ஒழியுங்கள். மேலே அரிவாளால் அறுத்துவிட்டால் போதாது. மண்ணுக்கடியில் ஓடும் வெள்ளை வேர்த்தண்டில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அது மறுபடி முளைக்கும். கடப்பாறை போட்டுக் கிளறி, கையால் பொறுக்கி எடுங்கள். ரோஜா படர்ந்த பிறகு முள்ளுக்குள் கையை விட்டு லாலாங் பிடுங்குவது இலேசான காரியமல்ல.

அடுத்தது நீர் வடிதல். ரோஜாவின் கால் ஈரத்தில் ஊறிக் கிடக்கக் கூடாது. பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். நம் தோட்டத்துச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை மிகுந்தது. ரோஜாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. சுண்ணாம்புத் தூள் கடையில் கிடைத்தால் ஒரு சதுர கெஜத்துக்கு ஒரு கைப்பிடி கலந்து விடுங்கள். விறகடுப்பு எரிப்பவர்கள் கொஞ்சம் சாம்பலைக் கலக்கலாம்.

கன்றுக்குக் கன்று 3 அடி இடைவெளி போதும். குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். தோண்டிய மண்ணோடு மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். எரு மக்கியிருக்க வேண்டும். பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். நட்ட பிறகு காய்ந்த புல், சருகு, நறுக்கிய தேங்காய் மட்டை, எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை மட்டும் தொடாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் முதல் மூன்று மாதம் மூங்கில் தடுப்புப் போடுவது நல்லது. கோழி அந்தச் சருகையெல்லாம் ஒரே நாளில் சீய்த்து எறிந்துவிடும்!

பிறகு எவ்வளவு வேலை?

முதல் மாதம் மழை இல்லாத நாளில் காலையில் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள். இலையை நனைக்க வேண்டாம். அதிலும் மாலையில் வேண்டவே வேண்டாம். இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலையில்தான் கரும்புள்ளி நோய் பிடிக்கும். வேர் பிடித்த பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். கெடா, பெர்லிஸ் பக்கம் வருடத் தொடக்கத்தில் வரும் வறட்சி மாதங்களில் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக ஊற்றினால் போதும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செடிக்கு ஒரு மேசைக் கரண்டி கலப்பு உரமும், கையளவு மக்கிய எருவும் இட்டால் நிறைவு. உரம் கடையில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். தோட்டத்து உரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு கரண்டி உரத்துக்காகக் கிராணியிடம் தலைகுனிய வேண்டுமா?

வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து. குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்து செடியை உறங்க வைக்கும். நமக்குக் குளிர்காலம் இல்லாததால் கத்தரிக்கோல்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். காய்ந்த கிளையையும் பின்னிக்கொண்ட கிளையையும் எடுத்துவிட்டு, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். கணக்குப் பார்த்து வெட்ட அவசியமில்லை. வெட்டிய ஆறு முதல் எட்டு வாரத்தில் செடி முழுவதும் பூத்து நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் திருநாளுக்குப் பூவை வரவழைக்கலாம். பொங்கலுக்கு வேண்டுமா? நவம்பர் கடைசியில் வெட்டுங்கள். தீபாவளி தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அதற்கு ஐம்பது நாள் முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்து வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பெண்கள் பலர் தோட்டத்தில் முதுகில் தகரத்தைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தவர்கள். மருந்து என்று நாம் பழகிச் சொன்னாலும் அது விஷம்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடலுக்குள் போனால் முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. 2002-இல் அதைத் தடை செய்ய அரசாங்கம் முடிவெடுத்து, 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் நம் நாட்டில் முழுமையாகத் தடை வந்தது. அதற்குள் எத்தனை பேருடைய நகமும் தோலும் கண்ணும் கெட்டுப் போயின என்பதைத் தோட்டத்து வீடுகளில் கேட்டால் தெரியும்.

பகலெல்லாம் அதைச் சுவாசித்துவிட்டு வந்த பெண், பிள்ளைகள் விளையாடும் வாசலிலும் அதையே அடிக்க வேண்டுமா? மருந்து கேட்காத செடி ஒன்று வாசலுக்கு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஜெர்மனியில் புதிய ரோஜா வகைகளுக்குச் சோதனை வைத்துச் சான்று தருகிறார்கள். 1997 முதல் அந்தச் சோதனைப் பாத்திகளில் பூச்சி மருந்தோ பூஞ்சண மருந்தோ அடிப்பதே இல்லை. மருந்தில்லாமல் நிற்கும் செடிக்குத்தான் பாராட்டு. அது குளிர்நாட்டுச் சோதனை, நம் மழைக்கு அப்படியே ஒத்து வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரோஜா என்றால் மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற எண்ணம் பழையதாகிவிட்டது.

கரும்புள்ளி விழுந்த இலை இரண்டொன்று தெரிந்தால் கிள்ளி, குப்பையோடு கட்டிப் போட்டுவிடுங்கள். பாத்தியில் மக்கவிட வேண்டாம். வறட்சியில் இலையின் அடியில் செம்பேன் பிடித்து இலை சாம்பல் பூத்தால், காலை வெயில் ஏறும் நேரத்தில் மட்டும் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். இரவில் வந்து இலையைச் சல்லடையாக அரிக்கும் பழுப்பு வண்டுகள், செம்பனைக் கன்றுகளையும் அரிக்கும் அதே கூட்டம். கைவிளக்கோடு போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பிள்ளைகள் இந்த வேலைக்கு ஆசையாக வருவார்கள். செடி தழைத்துவிட்டால் நாலு இலை போவதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகள்

தரைமூடிச் செடி என்றால் பாம்பு தங்குமே என்று பயப்படுவீர்கள். நியாயமான பயம். பாத்தியை வாசற்படியோடு ஒட்டிப் போடாதீர்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு, அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள். உள்ளே கை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். முள் உண்டு, ஆதலால் சின்னப் பிள்ளைகள் ஓடும் வழியிலும் வேண்டாம்.

சிங்கப்பூரிலும் நம் பட்டணங்களிலும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தொட்டியில் வளர்க்கலாம். கிளைகள் விளிம்பைத் தாண்டித் தொங்கும்போது அதுவும் ஓர் அழகுதான். ஆனால் தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகையால் தட்டே வைக்காதீர்கள். வைத்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை கவிழ்த்துத் துடையுங்கள். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டமும் அபராதமும் உண்டு. அபராதத்தைவிட டிங்கிக் காய்ச்சல் கொடிது அல்லவா?

மங்குக் கம்பியும் மைலோ டின்னும்

இந்த ரோஜாவை நான் நேசிப்பதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இது எங்கு வேண்டுமானாலும் கூட வரும்.

தோட்டத்து வீடு நம்முடையதல்ல என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். 1980-களிலும் 1990-களிலும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. எங்கள் தோட்டமும் அப்படித்தான். 1992-இல் தோட்டம் விற்கப்படப் போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, பெரியவர்கள் கோயில் திண்ணையில் கூடிப் பேசினார்கள், தொழிற்சங்கத்தைப் பார்க்கப் போனார்கள், நட்ட ஈட்டைப் பற்றி வாதாடினார்கள். என் அம்மா அதோடு இன்னொரு வேலையும் செய்தார்.

பால்மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பி இருக்கிறதே, தேய்ந்து கழித்துப் போட்டவற்றைப் பொறுக்கி வந்து, கொண்டை ஊசி போல வளைத்தார். வெள்ளைக்கொடி ரோஜாவில் நீண்ட கிளையாகப் பார்த்து, கணுவுக்கு அடியில் பட்டையை இலேசாகக் கீறி, அந்த இடத்தை மண்ணோடு அமுக்கி, கம்பியைக் குத்தி, மேலே இரண்டு விரல் மண் போட்டு மூடினார். கிளையின் நுனி மட்டும் வெளியே. இப்படி இருபதுக்கு மேல். "எதுக்கும்மா இத்தனை?" என்று கேட்டேன். "வீடு தொரையோடது. செடி நம்மளோடது. எல்லாரும் போறப்ப வெறுங்கையோடவா போறது?" என்றார்.

ஏழெட்டு வாரத்தில் கணுக்களில் வேர் பிடித்துவிட்டது. தாய்ச்செடியிலிருந்து வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட மைலோ டின்களில் வைத்து, ஆயாக்கொட்டகை நிழலில் வரிசையாக அடுக்கினார். சில மாதங்கள் கழித்து லாரிகள் வந்தபோது, அலமாரி, கட்டில், சாமி படங்களோடு வீட்டுக்கு ஒரு டின்னும் ஏறிற்று. கிள்ளானுக்குப் போன குடும்பம் உண்டு, ஈப்போவுக்குப் போனது உண்டு, ஜொகூரைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை தேடிப் போன பிள்ளைகளும் உண்டு. எல்லா டின்னும் பிழைக்கவில்லை. மாடி வீட்டில் வெயில் இல்லாமல் போனது சில, இடம் மாறி மாறிப் போனதில் விட்டுப் போனது சில. பிழைத்தவை பிழைத்தன. இன்றும் கலியாணத்தில், காரியத்தில் பழைய லயத்துக்காரர்கள் சந்தித்தால், பிள்ளைகள் எத்தனை, எங்கே வேலை என்று விசாரித்த பிறகு, "வெள்ளைக்கொடி இருக்கா?" என்ற கேள்வி வந்துவிடும். "செத்துப் போச்சுக்கா" என்று யாராவது சொன்னால் அடுத்த மாதமே ஒரு டின் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்த லயம் இருந்த இடத்தில் இன்று தார்ச்சாலையும் கடைவீடுகளும் இருக்கின்றன. பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று சொன்னால் பேரப் பிள்ளைகள் நம்புவதில்லை. செடியை மட்டும் காட்ட முடிகிறது.

பதியம் போடப் பொறுமை இல்லாதவர்கள் கவாத்தின்போது வெட்டிய கிளையிலேயே கன்று எடுக்கலாம். பென்சில் கனத்தில், ஆறு அங்குல நீளத்தில், நாலைந்து கணு உள்ள துண்டாகப் பாருங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி செருகி, நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்தில் புதுத் துளிர் தெரியும். பத்துச் செருகினால் பாதியாவது வந்துவிடும் என்பது என் அனுபவம்.

தோட்டத்தில் இன்னும் இருக்கும் சகோதர சகோதரிகளே, "நாளைக்கே காலி செய்யச் சொன்னால்?" என்ற எண்ணத்தில் வாசலை வெறும் மண்ணாக விட்டுவிடாதீர்கள். பட்டணத்துக்கு வந்துவிட்டவர்களே, சிமெண்டு போட்டு மூடியது போக இரண்டு முழம் மண் இருந்தாலும் அது போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாறையை எடுத்து லாலாங்கைக் கிளறி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்றை நடுங்கள். அது படர்ந்த பிறகு முதல் பதியத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி என்றைக்காவது பட்டுப்போனால், திரும்பிப் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும்.